குஞ்சும் பேடும்: விசுவமடு வளவிலிருந்து

மே 4

இன்று பத்துக் குஞ்சுகள் வந்தன. மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வந்து விற்றவர் ஒரு மாதக் குஞ்சு என்றார். கையில் எடுத்துப் பார்த்தால் செட்டையில் மட்டும்தான் இறகு, முதுகில் இன்னும் பஞ்சு மயிர். மூன்று கிழமைக்கு மேல் இராது. இப்படி வயதைக் கூட்டிச் சொல்வது எனக்குக் கோபம் தருகிற விஷயம். இந்த வயதுக் குஞ்சுக்கு இரவில் சூடு வேண்டும். ஒரு மாதம் என்று நம்பி வாங்குகிறவர் சும்மா விட்டுவிடுவார்.

விறகுக் கொட்டிலின் மூலையில் தகரம் வளைத்து, உமி பரப்பி, ஒரு பக்கத்தில் மட்டும் குண்டு பல்பு தொங்கவிட்டேன். மற்றப் பக்கம் குளிர்ச்சியாக இருக்கட்டும். சூடு கூடினால் அங்கே போகும், குறைந்தால் பல்பின் கீழ் குவியும். இரவு பத்து மணிக்குப் பார்த்தேன். குவியவும் இல்லை, சுவரோடு ஒட்டவும் இல்லை. சரி, போதும்.

பழைய கோழிகள், ஐந்து பேடும் ஒரு சேவலும், முற்றத்தின் மறுகோடியில். இரண்டு கிழமைக்கு இவையும் அவையும் முகம் பார்க்கக் கூடாது. வந்த குஞ்சு எந்த நோயோடு வந்ததென்று யாருக்குத் தெரியும்?

மே 9

விடிய ஒரு குஞ்சு செட்டையைத் தொங்கவிட்டு, கண் மூடி, கூனிப்போய் நின்றது. எச்சத்தில் இரத்தம். பின்னேரம் செத்துவிட்டது.

பிழை என்னுடையது. தண்ணீர்ப் பேணியைத் தரையில் வைத்திருந்தேன். குஞ்சுகள் கால் வைத்துச் சிந்தி, சுற்றியுள்ள உமி நனைந்து புளிச்ச மணம் அடித்தது. ஈரமும் சூடும் சேர்ந்தால் இரத்தக்கழிச்சல் கிருமிக்கு வேறென்ன வேண்டும். மிருக வைத்தியரிடம் போய் அம்புரோலியம் வாங்கி, அவர் சொன்ன அளவில் தண்ணீரில் கலந்து வைத்தேன். உமியை முழுக்க அள்ளி எரித்தேன். பேணி இப்போது இரண்டு செங்கல்லின் மேல், குஞ்சின் முதுகு உயரத்தில். ஒன்பது மிச்சம்.

மே 20

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அயலே போய்விட்டது. அம்மாவுக்குக் கால் நோ, அதனால் நாங்கள் இருவரும் வளவில்.

ஒன்பதும் துடியாக இருக்கின்றன. அதனால் இன்று முதல் அறிமுகம். பூவரச மரத்தடியில் கம்பி வலை அடித்து, குஞ்சுகளை உள்ளே விட்டோம். பேடுகள் வெளியே. வலையின் கண் சிறியது, மூக்கு மட்டும்தான் நுழையும். கறுப்பி முதலில் வந்தாள். கழுத்து மயிரைச் சிலிர்த்து, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தாள். பிறகு மறு கண்ணால் பார்த்தாள். ஒரு குஞ்சு கிட்டப் போக, வலையில் ஒரே கொத்து. குஞ்சு பின்னால் விழுந்து எழும்பி, என்ன நடந்ததென்று தெரியாமல் திரும்பவும் கிட்டப் போனது.

இதற்குத்தான் வலை. பழைய கோழிக்கு இந்த முற்றம் தன்னுடையது. யார் முதலில் தின்பது, எந்தத் தடியில் யார் இருப்பது என்பதெல்லாம் முடிந்த கதை. அதற்குள் ஒன்பது பேரைத் திடீரென்று விட்டால் இரத்தம் பார்க்காமல் விடமாட்டார்கள்.

மே 27

தீன் விஷயம். இரு பகுதியும் கிட்டக் கிட்ட இருப்பதால் முட்டைக்கோழித் தீனை நிறுத்திவிட்டேன். அதிலுள்ள கல்சியம் முட்டையிடும் பேடுக்குத் தேவை, குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இனி எல்லோருக்கும் வளர்கோழித் தீனும் கொஞ்சம் குறுணலும். முல்லைத்தீவுக் கடற்கரையில் பொறுக்கிய சிப்பியை இடித்துத் தனிச் சிரட்டையில் வைத்தேன். தேவையான பேடு தானே போய்க் கொத்தும்.

ஜூன் 3

பிராந்து இரண்டு தடவை வட்டமிட்டது. சேவல் குரல் கொடுத்ததும் பேடுகள் முருங்கைக்குக் கீழே ஓடின. வலைக்குள்ளிருந்த குஞ்சுகளும் அந்தக் கணமே பதுங்கின. ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வலையின் ஊடாகவே படித்துவிட்டன.

ஜூன் 12

முந்தாநாள் மாலை பழைய பானைக்குள் வைக்கோலும் சாணமும் போட்டு, தண்ணீர் தெளித்து, புற்றடியில் கவிழ்த்து வைத்தேன். நேற்று விடிய எடுத்தால் பானை நிறையக் கறையான். அதை முற்றத்தில் ஓரிடத்தில் கொட்டாமல் நாலைந்து இடத்தில் சிதறிவிட்டு, வலையைத் திறந்தேன். ஒரே இடத்தில் கொட்டியிருந்தால் கறுப்பி ஒருத்தியே ஆண்டிருப்பாள். கறையான் ஓடுகிறது, எல்லோருக்கும் அவசரம், பக்கத்தில் நிற்பது யாரென்று பார்க்க நேரமில்லை. செங்கியும் ஒரு குஞ்சும் செட்டை உரசி நின்று தின்றதை அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

முடிந்த பிறகு கொத்துத் தொடங்கியது. குஞ்சுகள் ஓடி ஒளிய வேலியோரம் கிடுகுகளைச் சரித்து வைத்திருந்தேன். பேடு புகமுடியாத இடுக்கு அது. ஒன்றுக்கு மட்டும் தலையில் காயம். இரத்தம் கண்டால் மற்றவையும் வந்து கொத்தும், அதனால் உடனே பிடித்து, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசி, கரப்பின் கீழ் தனியே மூடினேன்.

ஜூன் 16

நேற்று இரவு கைவிளக்கை நிலத்தில் கவிழ்த்து வைத்து, குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பெரிய கூட்டின் தடியில் வைத்தேன். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, சண்டை பிடிக்காது. காயப்பட்டதுக்குத் தலை ஆறிவிட்டது, அதையும் வைத்தேன்.

விடிய ஐந்தரைக்கே போய்த் திறந்தேன். இரண்டு கொத்து, ஒரு விரட்டல், அவ்வளவுதான்.

2009இல் வீட்டை விட்டு இறங்கும்போது அம்மா கடைசியாகச் செய்தது கூட்டின் கதவைத் திறந்துவிட்டதுதான். அதிலிருந்து எத்தனை கோழி வைத்திருந்தாலும் மாலையில் தானே எண்ணித்தான் கதவைச் சாத்துவார். நான் எண்ணியிருந்தாலும் திரும்ப எண்ணுவார்.

ஜூன் 22

சோளகம் பலமாக வீசுகிறது. கூட்டின் மேற்குப் பக்கத்துக்குச் சாக்குக் கட்டினேன்.

ஒன்பதில் மூன்று சேவல் போலத் தெரிகிறது, கொண்டை சிவந்து வருகிறது. இரண்டைக் கொடுத்துவிட வேண்டி வரும். மச்சாள் ஒன்று கேட்டிருக்கிறா.

மாலை அம்மா எண்ணியபோது பதினான்கு. ஒன்று குறைந்தது. மரநாய் என்று நெஞ்சு பதற வளவெல்லாம் தேடினோம். கடைசியில் கூட்டுக்குள்ளேயே இருந்தது, கறுப்பியின் செட்டைக்கும் பலகைக்கும் நடுவில், வால் மட்டும் தெரிய. கறுப்பி கண்ணை மூடியபடி இருந்தாள்.

சிப்பி முடிந்துவிட்டது. நாளை இடிக்க வேண்டும்.