கடை சாத்துனதுக்கப்புறம் ஐஐடி பாடம்

பல்லடத்துல மோட்டார் காயில் கட்டுற கடை நம்முளுது. சிங்கிள் பேஸ் மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் போடோணும்னு கைக்குத் தெரியும். ஏன் போடோணும்ங்கறது இப்பத்தான் வெளங்குச்சு. ஒத்தை பேஸ் கரண்ட்ல காந்தப்புலம் சுத்தாதுங்க, இருந்த எடத்துலயே கூடிக் கொறையும். ஸ்டார்ட்டிங் காயிலுக்குப் போற கரண்ட்டை மெயின் காயில் கரண்ட்டுக்கு முன்னாடி கெப்பாசிட்டர் முந்த வெச்சு, புலத்தைச் சுத்த விடுது. அது போச்சுன்னா மோட்டார் 'ம்ம்ம்'னு மொனகிட்டு நிக்கும். சாஃப்டைக் கையில சுத்திவிட்டா ஓடும் (யாரும் பண்ணிப் பாக்காதீங்க, வெரல் போயிரும்).

சொல்லிக் குடுத்தது என்பிடெல்ங்கற இணையப் பாடத் திட்டம். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003ல ஆரம்பிச்சது. பாடமெல்லாம் யூடியூப்ல இலவசம், நெறையப் பாடத்துக்குத் தமிழ் சப்டைட்டிலும் உண்டு. நடுவுல கணக்கு வந்து கழுத்தைப் புடிக்கும். வேகத்தை 0.75க்கு எறக்கி, திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்கோணும். சர்ட்டிபிகேட் வேணும்னா மட்டும் பரீட்சைக்குப் பணம். எனக்கெதுக்குங்க அது?

கரண்ட் புடிக்காதவங்களுக்கு மத்திய அரசோட ஸ்வயம்ங்கற இணையப் பாடத் தளத்துல வரலாறு, பொருளாதாரம்னு கெடக்குது. தென்னையில வெள்ளை ஈ வந்தப்ப எங்கண்ணி, கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்து அக்ரிடெக் தளத்தைத் தமிழ்லயே படிச்சுட்டுத்தான் மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுனாங்க. எங்கய்யன் மதுரைத் திட்டம்ங்கற இணைய நூலகத்துல பழைய இலக்கியத்தை எறக்கி, போன்ல எழுத்தைப் பெருசாக்கி வெச்சுப் படிக்கறாரு. 1998லிருந்து தன்னார்வலர்களே தட்டச்சு பண்ணிச் சேத்தது அது.

"ஏனுங் மாமா, இந்த வயசுல என்ன படிப்பு?"ன்னு மச்சினன் சிரிக்கறான். போன வாரம் அவன் வீட்டு பம்பு நின்னப்ப, உக்கார வெச்சு முழுப் பாடமும் நடத்தித்தான் உட்டேன்.