மூலைக் கட்டில்

ஜூலை 6
காய்ச்சல் 103. ஹட்டனிலிருந்து அம்புலன்ஸில் கண்டிக்கு. கினிகத்தேனை தாண்டும் வரைக்கும் அம்மா கொழுந்துக் கூடையையே கேட்டுக்கொண்டு வந்தார். இரண்டு கையிலும் இரத்தம் எடுத்துப் போத்தலில் விட்டார்கள், கல்ச்சராம். கிருமி வளர ஒன்றிரண்டு நாள், எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்க்க அப்புறம் இன்னும் நாள். அதுவரை செஃப்ட்ரியாக்சோன் என்ற அன்டிபயோட்டிக்.

ஜூலை 8
மழை. காய்ச்சல் இறங்கவில்லை.

ஜூலை 9
கிருமியின் பெயர் கிளெப்சியெல்லா. உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். மருந்தை மெரோபெனமுக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் அந்த ஐந்து அன்டிபயோட்டிக் கெப்சியூல். மார்கழியில் அம்மாவின் கால் புண் சீழ் வைத்தபோது டொக்டர் துண்டு இல்லாமல் பாமசியில் பத்து வாங்கியதும் நான், வலி குறைந்ததும் பாதியில் நிறுத்தி மிச்சத்தை எடுத்து வைத்ததும் நான்.

ஜூலை 10
மெரோபெனமும் கேட்காது. மிச்சமிருப்பது கொலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று 1970களில் ஓரங்கட்டிய பழைய மருந்து, வேறு வழியில்லாமல் திரும்ப எடுக்கிறார்களாம். அம்மாவை மூலைக் கட்டிலுக்கு மாற்றினார்கள், கை கழுவாமல் யாரும் கிட்டப் போகக்கூடாது. டொக்டரிடம் கெப்சியூல் கதையைச் சொல்லிவிட்டேன். அதனால் மட்டும்தான் கிருமி மருந்துக்கு மசியாமல் போனது என்று சொல்ல முடியாது, மே மாதம் வேறு ஆஸ்பத்திரியில் சலக்குழாயோடு பன்னிரண்டு நாள் கிடந்தாரே, அங்கேயும் தொற்றியிருக்கலாம் என்றார். 'மட்டும்'. இரவு முழுக்க அந்தச் சொல்லோடு வாங்கில் கிடந்தேன். போனில் படித்தேன், மருந்துக்கு மசியாத பக்டீரியாவால் 2019இல் மட்டும் உலகத்தில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று கணக்கு. அங்கேயும் மட்டும்.

ஜூலை 11
இரத்தத்தில் கிரியாட்டினின் 1.4. சிறுநீரகம் கெட்டால் ஏறுகிற கணக்கு அது.

ஜூலை 12
1.9. சித்தி போன் எடுத்தார். சின்னவனுக்குத் தடிமனும் இருமலுமாம், சாமிப் படத்துக்குப் பின்னால் இருப்பதில் ஒன்று கொடுக்கவா என்று கேட்டார். வார்ட் வாசலிலேயே கத்திவிட்டேன். தடிமன் வைரசால் வருவது சித்தி, அதுக்கு இது கேட்காது, தொடாதீங்க, நான் வந்து பாமசியிலேயே திருப்பிக் கொடுக்கிறேன். நர்ஸ் மிஸ்ஸி வந்து தோளைத் தொட்டார். சித்தி அழுதிருப்பார். பிறகு எடுத்தேன், போன் வேலை செய்யவில்லை, தோட்டத்து லயத்தில் கரண்ட் இல்லை போல.

ஜூலை 14
காய்ச்சல் 99! அம்மா கண்ணைத் திறந்து "கூடை நனையுதா?" என்றார். இல்லம்மா, உள்ளே எடுத்து வெச்சாச்சு என்றேன். கிரியாட்டினின் 2.3. ஒன்று இறங்க ஒன்று ஏறுகிறது, எதைப் பார்த்து மூச்சு விடுவது. மருந்தின் அளவைக் குறைக்கிறார்கள்.

ஜூலை 15
மறுபடியும் இரண்டு கையிலும் இரத்தம் எடுத்துப் போனார்கள். சித்தி பேசினார். ஐந்தும் அப்படியே இருக்கிறதாம்.