அலஸ்டர் சிம்: பார்த்தும் கேட்டும் வாசித்தும் இதுவரை

ஒரு நடிகரை எடுத்துக்கொண்டு அவர் செய்ததை முதலிலிருந்து வரிசையாகப் பார்ப்பது எனக்கு வெகுநாள் பழக்கம். இந்த முறை ஸ்காட்லாந்துக்காரரான அலஸ்டர் சிம். 1930 முதல் 1970-கள் வரை மேடையிலும் திரையிலும் விடாமல் நடித்தவர். பாதிக்கு மேல் பார்த்தாகிவிட்டது. இதுவரை கைக்கு வந்ததை எழுதி வைக்கிறேன்.

படங்களுக்குப் போகும் முன் வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். 1900 அக்டோபர் 9 அன்று எடின்பரோ நகரில் பிறந்தார். அப்பா தையல்காரர். அம்மா எய்க் என்ற சின்னத் தீவிலிருந்து வந்தவர், தாய்மொழி கேலிக். மகன் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கச் சேர்ந்தார். 1918-இல் ராணுவப் பயிற்சிக்கு அழைப்பு வந்தது. அதற்குள் போர் முடிந்துவிட்டது. ஆனால் அவர் படிப்புக்குத் திரும்பவில்லை. ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதியில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டு கொஞ்ச காலம் சுற்றினார். திரும்பி வந்து நகராட்சியின் வரி மதிப்பீட்டு அலுவலகத்தில் வேலை. அதற்கிடையே கவிதை ஒப்புவிப்பதில் பிடிப்பு வந்து, அதுவே பிழைப்பாகவும் ஆனது. 1925 முதல் 1930 வரை எடின்பரோவின் நியூ காலேஜில் பேச்சுக்கலை விரிவுரையாளர்.

நியூ காலேஜ் என்பது இறையியல் கல்லூரி. அதாவது, நாளைக்குப் பிரசங்க மேடை ஏறப்போகிறவர்களுக்கு எங்கே மூச்சு வாங்குவது, எங்கே நிறுத்துவது, கடைசி வரிசைக்கு எப்படிக் குரலைக் கொண்டுசேர்ப்பது என்று ஐந்து வருடம் சொல்லிக்கொடுத்தவர் இவர். 1930-இல் லண்டன் சவாய் தியேட்டரில் அமெரிக்கக் கறுப்பின நடிகரும் பாடகருமான பால் ராப்சன் ஒதெல்லோவாக நடித்த ஷேக்ஸ்பியர் நாடகத்தில் தூதுவனாக ஒரு சின்ன வேடம் கிடைத்து, தொழில்முறை நடிகராக முதன்முதலில் மேடை ஏறியபோது வயது முப்பதை நெருங்கிவிட்டது. சினிமா வந்தது அதற்கும் ஐந்து வருடம் கழித்து.

இதைப் படித்த பிறகு நான் பார்க்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு படத்தையும் சாதாரணமாக ஒரு தடவை பார்ப்பேன். பிறகு பிடித்த காட்சிகளை மட்டும் எடுத்து, திரையை மூடிவிட்டுக் குரலை மட்டும் கேட்பேன். கடைசியாக ஒலியை அடைத்துவிட்டு முகத்தை மட்டும் பார்ப்பேன். எல்லா நடிகர்களுக்கும் இது பலன் தராது. முன்பு வேறொருவருக்குச் செய்து பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. சிம்முக்கு அள்ளிக் கொடுக்கிறது.

1930-களின் சின்னப் படங்களை வேகமாகத் தாண்டிவிட்டேன். இன்ஸ்பெக்டர் ஹார்ன்லீ தொடரில் சார்ஜெண்டாக வருகிறார். கார்டன் ஹார்க்கரோடு ஜோடி நன்றாகவே இருக்கிறது, ஆனால் இரண்டாவது தடவை பார்க்கத் தோன்றவில்லை.

நின்று பார்க்க வைத்தது 1946-இல் சிட்னி கில்லியட் இயக்கிய 'கிரீன் ஃபார் டேஞ்சர்'. 1944-இல் ஜெர்மானியப் பறக்கும் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நேரம். கிராமப்புற ஆஸ்பத்திரி ஒன்றில் அறுவை சிகிச்சை மேஜையிலேயே ஒரு கொலை. விசாரிக்க வருகிற இன்ஸ்பெக்டர் காக்ரில்தான் சிம். படம் தொடங்கி வெகுநேரம் கழித்துத்தான் முகம் காட்டுகிறார், ஆனால் கதையைச் சொல்வது தொடக்கத்திலிருந்தே அவர் குரல். திரையை மூடிக் கேட்டபோது இது இன்னும் நன்றாகப் புரிந்தது. மேலதிகாரிக்கு எழுதும் அறிக்கையை வாசிக்கிற அந்தக் குரலில் ஒரு பிரசங்கியின் நிதானம் இருக்கிறது. தன்மேல் அவ்வளவு நம்பிக்கை உள்ள மனிதர் என்பது ஆளைப் பார்க்கும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஒலியை அடைத்துப் பார்க்க அதே படத்தில் ஒரு காட்சி. காக்ரில் படுக்கையில் சாய்ந்து துப்பறியும் நாவல் வாசிக்கிறார். கொலையாளி யார் என்று கண்டுபிடித்துவிட்ட திருப்தி முகத்தில் பரவுகிறது. சரிபார்க்கக் கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறார். முகம் தொங்கிவிடுகிறது. ஒரு வார்த்தை கிடையாது. இதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். புன்னகை ஒரேயடியாக மறைவதில்லை. முதலில் கண் போகிறது, வாய் மட்டும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருக்கிறது, அப்புறம் அதுவும் போகிறது. இந்த மனிதர் நிஜக் கொலையிலும் தப்பாக அடியெடுத்து வைப்பார் என்ற பயம் நமக்கு வந்துவிடுகிறது. கதைக்கு அந்தப் பயம் தேவை. சிரிப்புக்காக மட்டும் வைத்த காட்சி இல்லை அது.

1951-இல் வந்த 'ஸ்க்ரூஜ்' தான் அவருக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது. ஒரு கஞ்சக் கிழவர் கிறிஸ்துமஸ் இரவில் ஆவிகளைப் பார்த்துத் திருந்துகிற டிக்கன்ஸ் கதை. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் தோறும் தொலைக்காட்சியில் போட்டுப் போட்டு, சிம் என்றாலே அந்தக் கஞ்சக் கிழவர்தான் என்று ஆகிவிட்டது. எல்லோரும் பேசுவது, திருந்திய ஸ்க்ரூஜ் காலையில் எழுந்து போடும் ஆட்டத்தைப் பற்றி. வேலைக்காரம்மா அலறி ஓடுகிற அளவுக்குக் குதிக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது.

என் ஓட்டு அதற்கு அடுத்து வருகிற காட்சிக்கு. அக்கா மகன் வீட்டுக்கு முதன்முதலாக விருந்துக்கு வருகிறார் ஸ்க்ரூஜ். உள்ளே பாட்டுச் சத்தம். அந்த அறைக் கதவுக்கு முன்னால் வந்தவருக்குத் திறக்கத் தைரியம் வரவில்லை. வாசல் கதவைத் திறந்துவிட்ட வேலைக்காரச் சிறுமி அங்கேயே நிற்கிறாள். அவளைத் திரும்பிப் பார்க்கிறார். அவள் மெல்லச் சிரித்துத் தலையசைக்கிறாள். அதன் பிறகுதான் உள்ளே போகிறார். இத்தனை காலம் யாரையும் மதிக்காதவர், அந்த வீட்டிலேயே சின்ன ஆளிடம் அனுமதி கேட்பது போல ஒரு பார்வை. வசனம் இல்லாத இந்தச் சில விநாடிகளில்தான் அவர் உண்மையிலேயே மாறிவிட்டார் என்று நான் நம்பினேன். குதித்ததையெல்லாம் பார்த்தபோதுகூட முழுதாக நம்பவில்லை.

அந்தப் படத்தில் இளம் வயது ஸ்க்ரூஜாக நடித்தவர் ஜார்ஜ் கோல். அவர் கதை தனி. 1940-இல் 'காட்டேஜ் டு லெட்' நாடகத்தில் சிம்மோடு நடித்தபோது கோலுக்கு 15 வயது. லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரம். சிம்மும் மனைவி நயோமியும் பையனையும் அவனை வளர்த்த அம்மாவையும் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். லண்டன் சேரிப் பேச்சை விட்டு வேறு மாதிரிப் பேசவும், மேடையில் நிற்கவும் சிம் கற்றுக்கொடுத்தார். கல்லூரியில் செய்த வாத்தியார் வேலை வீட்டிலும் தொடர்ந்தது என்று சொல்லலாம். கோல் பெரிய நடிகரான பிறகும் அவர்கள் பக்கத்திலேயே குடியேறினார். இருவரும் சேர்ந்து வரும் படங்களில் கோல் பேசும்போது சிம்மின் முகத்தைப் பாருங்கள். அப்படிக் கவனித்துக் கேட்கிற முகத்தை வேறு எங்கும் அதிகம் பார்த்ததில்லை.

1954-இன் 'தி பெல்ஸ் ஆஃப் செயின்ட் டிரினியன்ஸ்' படத்தில் தலைமையாசிரியை மிஸ் ஃபிரிட்டன், அவருடைய சகோதரர் கிளாரன்ஸ் என்று இரட்டை வேடம். ஒரு ஆண், பெண் வேடம் போட்டால் கேலியாகத்தான் இருக்கும் என்று நினைத்து உட்கார்ந்தேன். சிம் அதைக் கேலி செய்யவே இல்லை. பள்ளிக்கூடத்தைக் காசில்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிற, பிள்ளைகள்மேல் நம்பிக்கை வைத்த ஒரு அம்மாளாகவே இருக்கிறார். குரலை மட்டும் கேட்டுப் பார்த்தால் ஒரு இடத்திலும் அது கீச்சுக்குரல் ஆகவில்லை. தன் குரலிலேயே வேகத்தைக் குறைத்து, முடிவுகளை மென்மையாக்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

படங்கள் இப்படிக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மேடை அப்படி இல்லை. அவர் மனம் அதிகம் தோய்ந்தது அங்கேதான் என்று எனக்குப் படுகிறது. கிளாஸ்கோ டாக்டர் ஒருவர் ஜேம்ஸ் பிரைடி என்ற பெயரில் நாடகம் எழுதினார். சிம் அந்த நாடகங்களை 1939 தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக இயக்கி நடித்தார். பிரைடி 1951-இல் இறக்கும் வரை அந்தக் கூட்டு நீடித்தது. 1943-இல் வந்த 'மிஸ்டர் போல்ஃப்ரி' அதில் ஒன்று. ஹைலேண்ட்ஸ் பாதிரியார் வீட்டில் பொழுது போகாத இளசுகள் விளையாட்டாகச் சாத்தானை அழைக்க, அவன் பாதிரி உடையிலேயே வந்து நிற்கிறான். விடிய விடிய வாக்குவாதம். வீட்டுக்காரப் பாதிரியார் மெக்கிரிம்மனாக நடித்தவர் சிம். பாதிரிகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவருக்குக் கிடைத்த வேடத்தைப் பாருங்கள்!

அந்த நாடகத்தின் பழைய பதிப்பு ஒன்று கிடைத்ததும், மெக்கிரிம்மனின் நீண்ட பேச்சுகளை உரக்க வாசித்து மொபைலில் பதிவு செய்யத் தொடங்கினேன். கண்ணால் வாசிக்கும்போது சாதாரணமாகத் தெரிகிற வாக்கியங்கள் வாயில் வரும்போது மூச்சு முட்ட வைக்கின்றன. இடையில் எங்கே மூச்சு வாங்கினாலும் வாதம் உடைந்துவிடுகிறது. ஒரு இடம்தான் சரியாக வருகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்கே ஒவ்வொரு பேச்சுக்கும் பல மாலைகள் போகின்றன. இப்போது தொடக்கப் பகுதி ஓரளவு வசப்பட்டிருக்கிறது. இதைச் செய்துவிட்டு மறுபடி காக்ரிலைக் கேட்டால், எத்தனை நீள வாக்கியத்தை அவர் அலட்டாமல் ஒரே மூச்சில் கொண்டுபோகிறார் என்று தெரிகிறது.

பிரைடி நாடகத்தில் அவரைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. 1828-இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் ஆட்களைக் கொன்று, பிணங்களை உடற்கூறு ஆசிரியர் ராபர்ட் நாக்ஸுக்கு விற்ற கதை 'தி அனாடமிஸ்ட்'. அதில் சிம் நாக்ஸாக நடித்தது தொலைக்காட்சிக்காகப் பதிவாகி இருக்கிறது. படமாக அது கொஞ்சம் தட்டைதான். ஆனால் சிம்மின் குரல் அதில் மேடை அளவில் ஒலிக்கிறது. மேடையேறிய சிம்மைத் தேடுகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1948-இல் எடின்பரோ மாணவர்கள், பின்னாளில் பிரிட்டன் பிரதமரான ஹரோல்ட் மேக்மில்லனைத் தோற்கடித்து இவரைப் பல்கலைக்கழக ரெக்டராக, அதாவது தங்கள் சார்பான கௌரவத் தலைவராக, தேர்ந்தெடுத்தார்கள். பின்னாளில் சர் பட்டம் தர முன்வந்தபோது வேண்டாம் என்றார். ஆட்டோகிராஃப் போடுவதில்லை, பேட்டி கொடுப்பதும் அபூர்வம். பார்க்க வேண்டியவர்கள் தன் வேலையைப் பார்த்தால் போதும் என்று இருந்த மனிதர். 1976 ஆகஸ்ட் 19 அன்று காலமானார்.

இனி மிச்சம் இருப்பது கடைசிப் பத்து வருடம். 1971-இல் ரிச்சர்ட் வில்லியம்ஸ் செய்த அனிமேஷனில் மறுபடி ஸ்க்ரூஜுக்குக் குரல் கொடுத்திருக்கிறார். முகமே இல்லாத சிம் என்பதால் அதைத்தான் அடுத்து எடுக்கப்போகிறேன். 1951 படத்தின் அதே பேச்சுகளோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இருபது வருடத்தில் நிறுத்தங்கள் எங்கே நகர்ந்திருக்கின்றன என்று குறித்துக்கொண்டே கேட்க வேண்டும். அதற்குள் யாராவது இவரைத் தொடங்குவதாக இருந்தால் 'கிரீன் ஃபார் டேஞ்சர்' எடுங்கள். ஒன்றரை மணி நேரப் படம்தான்.