விசிலுக்குப் பிறகு தூக்கிய கை

கபடி ஆட்டத்தில், எதிரணிக்காரன் தன்னைத் தொட்டுவிட்டான் என்று தானாகவே கை தூக்கிய பையனை நம்பி டச் கொடுத்தது சரிதான் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம் கூடவே அந்தப் பையனுடைய அணியின் பயிற்சியாளர் கேட்ட கேள்வியும் வந்து நிற்கிறது, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பொங்கல் முடிந்து ஆற்றுத் திருவிழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் சின்னப் பையன்களுக்கான கபடி, பரிசுத் தொகை கிடையாது, ஒரு கோப்பையும் சாப்பாடும்தான். நான் ஒரு பக்க அம்பயர். இரண்டாம் பாதியில் கடைசிக் கட்டம், மூன்று புள்ளி முன்னிலையில் இருந்த அணியில் களத்தில் மூன்று பேர்தான் மிச்சம். எதிரணியிலிருந்து பாடி வந்தவன் ஆழமாகப் போய், இடது கார்னரில், அதாவது ஓர மூலையில், நின்ற பையன் பக்கம் காலை நீட்டிவிட்டுத் திரும்பினான். மூலைக்கு உள்பக்கம் கவரில் நின்றவனின் முதுகு எனக்கு மறைத்தது, எதிர்ப்பக்க அம்பயருக்கும் தெரியவில்லை. டச் இல்லை என்று விசில் ஊதிக் கை காட்டிவிட்டேன். பாடியவன் "டச்சு சார், டச்சு சார்" என்று கத்தினான், அது எல்லோரும் கத்துவதுதான், நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் கார்னர் பையன் கையைத் தூக்கினான்.

"பட்டுச்சாடா?"

"பட்டுச்சு சார். சுண்டு விரல்." குனிந்து கணுக்காலைக் காட்டினான். அதன் வெளிப்பக்கம் ஒரு சுண்ணாம்புக் கீற்று. கோட்டை மிதித்து வந்த காலிலிருந்து ஒட்டியிருக்கலாம், ஆனால் அன்று களத்தில் யார் காலில்தான் சுண்ணாம்பு இல்லை.

"நல்லா தெரியுமா?" என்று மறுபடியும் கேட்டேன்.

இந்த இரண்டாவது கேள்வியைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். உறுதி செய்துகொள்ளக் கேட்டேனா, இல்லை என்று சொல்ல அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேனா? அதற்குள் அவனுடைய கேப்டன், "டேய், அம்பயரே இல்லன்னுட்டாரு, கைய இறக்குடா" என்றான். பையன் இறக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். டச் கொடுத்தேன்.

அவன் வெளியே போக, எதிரணியில் ஒருவன் உள்ளே வந்தான். மிச்சம் இருந்த இரண்டு பேரில் ஒருவன் பாடப் போய்ப் பிடிபட்டான், மற்றவனை அடுத்த பாட்டிலேயே தொட்டுவிட்டார்கள். லோனா, அதாவது அணி மொத்தமும் வெளியேறியதற்காக எதிரணிக்கு இரண்டு கூடுதல் புள்ளி. இரண்டு புள்ளியில் ஆட்டம் போயிற்று. வெளியே உட்கார்ந்திருந்தவனிடம் யாரும் பேசவில்லை, தண்ணீர் பாட்டில் கை மாறிக்கொண்டே வந்து அவனைத் தாண்டிப் போனது.

பயிற்சியாளர் இளவயதுக்காரர், சத்தம் போடவில்லை. "சார், நீங்க பாத்ததுக்குத்தானே ஊதணும்? மொதல் பாதியில அந்தப் பக்கம் ரெண்டு டச்சு உங்களுக்குத் தெரியல. அவனுங்க யாராவது கையத் தூக்கினானுங்களா?"

"சின்னப் பசங்க ஆட்டம் தம்பி" என்றேன்.

"அதனாலதான் சார் கேக்குறேன்."

அவர் சொன்னதில் பிசகு இல்லை. கபடியில் தொட்டது பட்டவனுக்குத் தெரியும், தொட்டவனுக்குத் தெரியும், சில நேரம் அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். என் கண்ணுக்குத் தப்பியதைப் பையனின் நேர்மையை வைத்து நான் சரிசெய்கிறேன் என்றால், நேர்மையாக இருக்கும் அணிக்கு எதிராக மட்டும்தான் அது சரியாகிறது. கை தூக்காதவனின் டச் கணக்கிலேயே வராது. இரண்டு அணிக்கும் ஒரே அளவுகோல் வைப்பதுதான் நடுவரின் முதல் வேலை என்று பார்த்தால், நான் செய்தது என்ன?

ஆனால் அந்தக் கையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றிருந்தால்? "பட்டுச்சு சார்" என்று சொல்கிறவனிடம், "இல்லடா, நான் சொன்னா சொன்னதுதான், போய் நில்லு" என்று எந்த வாயால் சொல்வது? நான் பள்ளியில் பி.டி. ஆசிரியர். நேர்மையாக ஆடு என்று காலையில் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, மாலையில் விசிலைக் கழுத்தில் மாட்டியதும் வேறு பேச்சுப் பேச முடியாது.

கொடுத்த முடிவை மாற்றக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, அதையும் மறுக்கவில்லை. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியை டிவியில் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்தியாவும் ஈரானும் 28-28, இந்தியாவின் பவன் செஹ்ராவத் யாரையும் தொடாமல் லாபிக்குள், அதாவது களத்தின் ஓரப் பட்டைக்குள், கால் வைக்க, ஈரான் வீரர்களும் பின்னாலேயே லாபிக்குள் வர, எந்த விதிப்படி புள்ளி கொடுப்பது என்று முடிவு மாறி மாறி வந்து ஆட்டம் ஒரு மணி நேரம் போல நின்றுவிட்டது. கடைசியில் 33-29 என்று இந்தியா ஜெயித்தது. அத்தனை கேமரா வைத்துக்கொண்டே அந்தப் பாடு என்றால், மைதானத்தில் தனியாக நிற்கிறவன் ஒருமுறை மாற்றினால் அடுத்த பாட்டிலேயே பத்துப் பேர் வந்து கேட்பார்கள்.

பையன்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது கிரிக்கெட் கதைகள். 2003 உலகக் கோப்பை அரையிறுதியில் அம்பயர் அவுட் கொடுக்காதபோதும் ஆஸ்திரேலியாவின் கில்கிறிஸ்ட் தானாக நடந்து போனது, 1980 பம்பாய் பொன்விழா டெஸ்டில் அவுட் கொடுக்கப்பட்ட இங்கிலாந்தின் பாப் டெய்லரை இந்தியக் கேப்டன் விஸ்வநாத் திரும்ப ஆட அழைத்தது. டெய்லர் போத்தமோடு சேர்ந்து நிலைத்து ஆடி, இங்கிலாந்து ஜெயித்தது. தோற்றாலும் விஸ்வநாத்தின் பெயரை இன்றும் மரியாதையோடுதான் சொல்கிறோம். இந்தக் கதைகளைச் சொல்லும்போது முன்பிருந்த துணிச்சல் எனக்கு இப்போது இல்லை. அவர்கள் பெரியவர்கள், என்ன இழக்கிறோம் என்று தெரிந்து செய்தவர்கள், ஊரெல்லாம் பாராட்டவும் செய்தது. எட்டாவது படிக்கிற பையனுக்கு நாம் என்ன கொடுத்தோம்? பரிசளிப்பில் அவன் பெயரை மைக்கில் சொல்லலாமா என்று யோசித்தேன். அவன் அணிக்காரர்கள் முகத்தைப் பார்த்ததும் அது அவனுக்கு இன்னொரு தண்டனையாகிவிடும் என்று தோன்றியது, விட்டுவிட்டேன். அதுவும் சரிதானா, தெரியவில்லை.

இப்போது ஆட்டத்துக்கு முன் இரண்டு அணியையும் கூப்பிட்டு, யார் கை தூக்கினாலும் ஏற்றுக்கொள்வேன், இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரிதான் என்று சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொல்ல ஆரம்பித்ததிலிருந்து கைகள் குறைந்துவிட்டன. ஓரத்தில் நிற்கும் பெரியவர்கள் முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறார்கள் போல.

அந்தப் பயிற்சியாளரை அப்புறம் செம்மண்டலத்தில் ஒரு கடையில் பார்த்தேன், கோபம் எதுவும் இல்லை. தூக்குவதாக இருந்தால் விசிலுக்கு முன்னாடியே தூக்கிவிடு, விசில் விழுந்த பிறகு அம்பயர் சொன்னதுதான் என்று பசங்களுக்குச் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். நியாயமான ஏற்பாடாகத்தான் பட்டது. ஆனால் அந்தக் கார்னர் பையன், விசில் அடித்த பிறகுதான் பட்டது என்று உறைத்தால் என்ன செய்ய என்று அவரிடம் கேட்டிருக்கிறான். "நீங்களே சொல்லுங்க சார், நான் அவன்கிட்ட சொல்லிடுறேன்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன், இன்னும் சொல்லவில்லை.