கப்பல் எங்கே நின்றது?

டிரிப் காகிதத்தில் 'கடற்கரைக் காட்சி' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு அடுத்த வரியில் 'வரலாற்றுச் சின்னங்கள்' என்று இருக்கும். தரங்கம்பாடியில் தொடங்கி பூம்புகாரில் முடியும் அரை நாள் டிரிப்புக்கு கைடாகப் போகிறவனின் தலைவலி முழுக்க இந்த இரண்டு வரிகளால் வருவதுதான். காட்சிக்காக வந்தவர்கள் தரங்கம்பாடியில் டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டைக்குள் நுழைந்ததும் போனை நோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். வரலாறு கேட்க வந்தவர்களோ கடற்கரையில் ஐந்து நிமிடம் நிற்பதற்குள் "சரி, அடுத்து என்ன?" என்பார்கள்.

இந்த வேலையில் எனக்கு வரும் பார்ட்டிகளில் பெரும்பாலானவர்கள் இதற்காகவே கிளம்பி வந்தவர்கள் அல்ல. திருக்கடையூரில் தாத்தாவுக்கு அறுபதாம் கல்யாணமோ எண்பதாம் கல்யாணமோ நடந்திருக்கும். மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டும், காலை சும்மா கிடக்கிறது, பக்கத்தில் கடல் இருக்கிறதாமே என்று ஒரு வேன் நிறைய ஏறிவிடுவார்கள். மாலையும் கழுத்துமாக நேற்று நின்ற தம்பதி முன் சீட்டில், ராத்திரி தூங்காத பேரப்பிள்ளைகள் பின் சீட்டில். இவர்களிடம் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி என்று தொடங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரின் காரணத்தையும் நான் சொல்வதில்லை. வேன் வந்து சேர்வதற்குள் யாராவது ஒருவர் கூகுளில் படித்து எல்லோருக்கும் சொல்லியிருப்பார்.

எங்கள் டிரைவர் அண்ணன் இந்தக் கரையிலேயே ஒரு மீனவக் கிராமத்தைச் சேர்ந்தவர். ஒருநாள் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது சொன்னார்: "தம்பி, கோட்டையை யார் கட்டினான், எந்த வருஷம் கட்டினான் எல்லாம் சொல்றீங்க. கப்பல் எங்க நின்னுச்சுன்னு மட்டும் சொல்லவே மாட்டேங்கறீங்களே."

அன்றிலிருந்து என் டிரிப் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. கோட்டை திறக்க நேரம் இருப்பதால் காலையில் முதலில் கடற்கரைக்குத்தான் போகிறோம். எல்லோரையும் கடலைப் பார்க்க நிற்கவைத்து, கப்பல் எங்கே நின்றிருக்கும் என்று கேட்பேன். பிள்ளைகள் உடனே கரையைக் காட்டுவார்கள். பெரியவர்கள் பாலமோ மேடையோ இருந்திருக்கும் என்று தேடுவார்கள். கடலுக்குள் நீளும் கற்கள் எதையாவது காட்டி "இதுதானா?" என்பார்கள். அது கடல் அரிப்பைத் தடுக்க நம் காலத்தில் கொட்டிய கல்.

இங்கே துறைமுகம் என்று ஒன்று அன்று கிடையாது. ஆழம் போதாத திறந்த கரை இது. டென்மார்க்கிலிருந்து வந்த கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அதற்கும் கரைக்கும் நடுவில் அலை உடையும் இடத்தைத் தாண்டுவதுதான் பயணத்திலேயே பொல்லாத பகுதி. ஐரோப்பியர்களின் ஆணி அடித்த படகு அந்த இடத்தில் மணலில் மோதினால் பலகை பிளந்துவிடும். சோழமண்டலக் கரை முழுக்க இதற்கென்று ஒரு படகு இருந்தது. ஆணியே இல்லாமல், பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகு. அலை தூக்கிப் போட்டால் பாய் மாதிரி நெளிந்து கொடுக்கும், உடையாது. மிளகு மூட்டையானாலும் துணிப்பொதியானாலும் கவர்னரானாலும் அதில் ஏறித்தான் போக வேண்டும், வர வேண்டும். அதை ஓட்டத் தெரிந்தவர்கள் இந்தக் கரைக்காரர்கள் மட்டும்தான்.

இதைச் சொல்லும்போது டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டுக்கொள்வேன். பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்து ஓய்ந்த பிறகு ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும், அதற்காகக் கையில் துடுப்போடு காத்திருக்க வேண்டும், கிடைத்ததும் யோசிக்காமல் தள்ள வேண்டும் என்று அவர் தன் அப்பா கட்டுமரம் தள்ளிய கதையைச் சொல்வார். அந்த நேரம் பார்த்து ஒரு பைபர் படகு கரையேறினால் நான் வாயைத் திறக்கவே வேண்டாம். படகுக்காரர் அலைக்கு வெளியே வேகத்தைக் குறைத்து, திரும்பிப் பார்த்துக் காத்திருந்து, ஓர் அலையின் முதுகில் ஏறிச் சட்டென்று மணலுக்கு வருவார். அதற்கு முன்பு வரை அலையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது அலையைப் பார்ப்பார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அடிவானம் காலியாக இருக்கும். அப்போதும் இந்தச் சின்னப் படகுகள் காப்பாற்றிவிடும்.

இதற்குப் பிறகு கோட்டைக்குள் போனால் கதை தானாக வருகிறது. 1618-இல் கோபன்ஹேகனிலிருந்து கிளம்பிய டென்மார்க் கப்பல்களின் தலைவர் ஓவே கெட்டே இலங்கைக்குப் போய்ச் சேரவே ஒன்றரை ஆண்டு ஆனது. வழியிலேயே ஏராளமானவர்கள் இறந்துபோனார்கள். இலங்கையில் நினைத்தது நடக்கவில்லை. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்தார், 1620-இல் ஒப்பந்தமாகி டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தங்கம் என்றதும் எவ்வளவு பவுன் இருக்கும் என்று பெண்கள் பக்கத்திலிருந்து கேள்வி வராத நாள் இல்லை.

கோட்டையில் நான் அதிக நேரம் நிற்பது அருங்காட்சியக அறையில் அல்ல, மேல்தளத்தில் கடல் பார்த்த பக்கத்தில். அங்கே சொல்வதற்கென்று ஒரு கதை வைத்திருக்கிறேன். 1643-க்குப் பிறகு 1669 வரை டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட இங்கே வரவில்லை. ஐரோப்பாவில் போர், கம்பெனியிடம் காசு இல்லை. இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள், ஓடினார்கள். கடைசியில் பொறுப்பு எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற சாதாரண ஆளிடம் வந்தது. பெரிய குடும்பத்துப் பிள்ளையும் இல்லை, படிப்பும் இல்லை. வங்கக் கடலில் போகிற கப்பல்களைப் பிடித்து அந்த வருமானத்தில் கோட்டையைக் காப்பாற்றினார், ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். 1669-இல் ஒரு கப்பல் வந்தபோது கோட்டையில் டென்மார்க் கொடி பறந்துகொண்டிருந்தது. கதை முடிந்ததும் பார்ட்டி மொத்தமும் ஒருமுறை அடிவானத்தைப் பார்க்கும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற பெரியவர்கள் இந்தக் கதையை வேறு மாதிரி கேட்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு அம்மா, "தகவலே இல்லாமலா? ஒரு லெட்டர் கூடவா?" என்று கேட்டார். அதற்கு நான் என்ன சொல்ல.

பீரங்கியைத் தடவிப் பார்க்கும் பையன்களுக்கு யோன் ஓலாஃப்சன். ஐஸ்லாந்துக்காரர். 1623-இல் பீரங்கிப் படையாளாக இங்கே வந்தவர், அடுத்த ஆண்டே வெடிமருந்து விபத்தில் கையில் பலத்த காயம். எப்படியோ ஊர் திரும்பி, வயதான காலத்தில் தன் கதையை எழுதி வைத்தார். ஐஸ்லாந்து எங்கே இருக்கிறது என்று போனில் காட்டச் சொல்வேன். போனை உள்ளே வை என்பதைவிட இது பலன் தருகிறது.

ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் பற்றி எல்லோருக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கும், அச்சுக்கூடம், தமிழில் புதிய ஏற்பாடு என்று. நான் பேசுவது அவர் வந்து சேர்ந்த நாளைப் பற்றி. 1706 ஜூலை 9. தென்மேற்குக் காற்று வீசும் பருவம். ஐரோப்பாவிலிருந்து வரும் பாய்மரக் கப்பல் அந்தக் காற்றைப் பிடித்துத்தான் இந்தப் பக்கம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் புயலும் தொடங்கினால் இந்தத் திறந்த கரையில் நங்கூரம் போட்டு நிற்பது தற்கொலை. வருஷத்தை மனப்பாடம் செய்யச் சொன்னால் யாருக்கும் நிற்காது. எந்தக் காற்றில் வந்தார் என்று சொன்னால் நிற்கிறது, முக்கியமாக விவசாயம் தெரிந்த குடும்பங்களுக்கு.

வடக்குப் பக்கம் மாசிலாமணிநாதர் கோயில். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது இருப்பதில் பழையதும் உண்டு, பிற்காலத்துக் கட்டுமானமும் உண்டு. படம் எடுக்க ஊரிலேயே சிறந்த இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் விட்டுவிடுவேன். அப்புறம், கடல் ஏன் இங்கே தின்றது என்று யாராவது கேட்பார்கள். இந்தக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் வடக்கே நகரும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். மொத்தத்தில் வடக்கே போவதுதான் அதிகம். நடுவில் எங்காவது கல்லைப் போட்டுத் தடுத்தால் அதற்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். இதை மணலில் குச்சியால் கோடு போட்டே காட்டிவிடலாம்.

சுனாமி கேள்வியும் அங்கேதான் வரும். 2004-இல் தண்ணீர் எதுவரை வந்தது, எத்தனை பேர். இந்த ஊர் அன்று நிறையப் பேரை இழந்தது. என்னுடைய பழக்கம், கரையில் வலை சரிசெய்துகொண்டிருப்பவர்கள் காதில் விழும் தூரத்தில் இதற்குப் பதில் சொல்வதில்லை. வேனில் ஏறிய பிறகு சொல்கிறேன் என்பேன். சில கைடுகள் கையை நீட்டி வீடு வீடாகக் காட்டுவார்கள். அது எனக்குப் பிடிக்காது. பார்ட்டிக்கு அது ஐந்து நிமிட விஷயம், அந்த வீட்டுக்காரர்களுக்கு அப்படி இல்லை.

ஊரின் முடிவை நான் சீக்கிரம் சொல்லிவிடுவேன். 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்து சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்களிடம் விற்றார்கள். 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, வியாபாரம் அங்கே போனது. இங்கே 1926-இல் மயிலாடுதுறையிலிருந்து ஒரு ரயில் வந்தது, 1980-களில் அதுவும் நின்றது. பன்னிரண்டரை லட்சம் என்றதும் வேனில் எல்லோரும் சிரிப்பார்கள். இப்போது ஈ.சி.ஆரில் ஒரு மனைகூட வராதே என்பார் ஒருவர்.

பூம்புகாருக்கு அரை மணி நேரம் சொச்சம். இங்கே வேலை தலைகீழ். தரங்கம்பாடியில் காட்ட நிறைய இருக்கும், கேட்க ஆள் தேட வேண்டும். பூம்புகாரில் எல்லோரும் கேட்கத் தயாராக இருப்பார்கள், காட்ட ஒன்றும் இருக்காது. கண்ணகி வீடு எங்கே, மாதவி ஆடிய மேடை எங்கே என்று பள்ளிக்கூடப் பாடத்தை மனதில் வைத்துக்கொண்டு இறங்குவார்கள். 1973-இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் அந்த ஆசையைக் கொஞ்சம் தீர்க்கும். பிறகு காவிரி கடலில் சேரும் இடத்துக்கு நடந்தால் பலர் முகம் விழுந்துவிடும். கோடையில் போனால் ஆற்றின் வாயை மணல் திட்டு மூடியிருக்கும். ஓர் ஓடை அளவுத் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். "இதுவா காவிரி?" என்று திருச்சிக்காரர்கள் கோபமாகவே கேட்பார்கள்.

அவர்களிடம் இந்தப் பட்டினத்தைப் பாடும் சங்க நூலான பட்டினப்பாலையில் வரும் சரக்குப் பட்டியலைச் சொல்வேன். கடல் வழி வந்த குதிரை, தரை வழி வந்த மிளகு மூட்டை, தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், ஈழத்து உணவு. இறங்கும் மூட்டை, ஏறும் மூட்டை எல்லாவற்றிலும் சுங்கக்காரர்கள் புலி முத்திரை குத்துகிறார்கள். கப்பலில் வரும் குதிரையை எப்படி இறக்கியிருப்பார்கள் என்று யோசிக்கச் சொல்வேன். காலையில் அலையைப் பார்த்தவர்கள் என்பதால் உடனே பிடித்துக்கொள்வார்கள். கரையில் இறக்கியிருக்க முடியாது, ஆற்றுக்குள் கொண்டுபோய்த்தான் இறக்கியிருக்க வேண்டும் என்று ஒரு ரிட்டையர்டு மின்வாரிய இன்ஜினியர் ஐயா அடித்துச் சொன்னார். குதிரை எங்கே இறங்கியது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஐயா சொன்ன திசையில்தான் கீழையூர் இருக்கிறது.

அங்கே 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று கிடைத்தது. படகு கட்ட நட்ட மரத்தூண்களின் மிச்சமும் கிடைத்தது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டு வாக்கில் கட்டியிருக்கலாம் என்று கணித்திருக்கிறார்கள். கடலிலிருந்து உள்ளே தள்ளி, இன்று வயலும் வாய்க்காலுமாக இருக்கும் இடம். பட்டினத்தைக் கடலுக்கு அடியில் தேட வேண்டியிருக்கிறது, அதன் படகுத்துறையோ தரையில் இருக்கிறது. இங்கே நின்று, கப்பல் எங்கே நின்றது என்ற கேள்விக்கு ஒருவழியாக விரலை நீட்டிக் காட்டலாம், ஆழ்கடல் கப்பல் இல்லாவிட்டாலும் படகாவது.

அலுவலகத்தில் இதை டிரிப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறார்கள். செங்கல்லைப் பார்க்க எவன் வருவான், அதற்குப் பதில் கடைத்தெருவில் அரை மணி நேரம் விடுங்கள் என்பது அவர்கள் வாதம். பார்ட்டியின் கருத்துத் தாள்களில் கீழையூரைப் பற்றி யாரும் பெரிதாக எழுதுவதில்லை என்பதும் உண்மைதான். இப்போதைக்கு ஓர் ஏற்பாட்டில் ஓடுகிறது: பூம்புகாரிலிருந்து நேரத்தோடு கிளம்பிவிட்டால் கீழையூர், இல்லாவிட்டால் நேராகச் சாப்பாடு. கடைத்தெருவுக்கு விட்டால் ஆளைத் திரும்பப் பிடிப்பதற்குள் ஒரு மணி ஆகிவிடும் என்று டிரைவர் அண்ணன் என் கட்சியில் நிற்கிறார்.