நெய்வேலிப் பேருந்தும் இரட்டைக்கொம்பும்

மூன்று வயது நிறைந்தவுடன் பிள்ளையின் கையில் சிலேட்டையும் பல்பத்தையும் கொடுத்து எழுத வைத்துவிட வேண்டும் என்று எங்கள் கடலூரில் பல வீடுகளில் அவசரப்படுகிறார்கள். கை எழுதப் பழகுவதற்கு முன்பாகக் காது சொற்களைப் பிரித்துக் கேட்கப் பழக வேண்டும் என்பதும், அந்தப் பழக்கம் வீட்டு வேலைகளுக்கு நடுவிலேயே வந்துவிடும் என்பதும் என் மகளை வளர்க்கையில் எனக்கு உறுதிப்பட்டவை.

முருங்கைக்கீரையை உருவிப் போட்டுக்கொண்டே, 'மு'வில் தொடங்கும் வேறு பொருள்கள் அடுப்படியில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்டால், முறம், முட்டை, முறுக்கு என்று அவள் தேடத் தொடங்குவாள். அடுத்த படியாக, தட்டு, முட்டை, பெட்டி ஆகிய மூன்றிலும் நடுவில் ஒரே ஒலி வருவதைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். செய்யுளில் எதுகை என்று பெரியவர்கள் படிக்கும் அதே ஒற்றுமையை நான்கு வயதுக் காது எளிதாகவே பிடித்துக்கொள்கிறது. எழுத்து ஒன்றுகூடத் தெரியாத பிள்ளையோடும் இதை விளையாடலாம்.

தமிழின் வல்லின எழுத்துகள் சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து வெவ்வேறாக ஒலிப்பவை. 'கடலூர்' என்பதில் அழுத்தமாக ஒலிக்கும் ககரம், சங்கரா மீனின் பெயரில் 'ங்' என்ற மெய்யை அடுத்து வரும்போது இளகிவிடுகிறது. சங்கராவின் சகரமும் வஞ்சிரத்தின் சகரமும்கூட ஒன்றுபோல ஒலிப்பதில்லை. இதை விதியாகச் சொன்னால் பிள்ளை மிரண்டுபோகும். மீன்காரம்மாவிடம் நாம் பேரம் பேசும்போது கூடவே நின்று, அந்தப் பெயர்களைப் பலமுறை கேட்டு, தானும் சொல்லிப் பழகிய பிள்ளை, பின்னாளில் அவற்றை எழுத்தில் காணும்போது தடுமாறுவதில்லை.

எழுத்துகளை அறிமுகப்படுத்தத் திருப்பாதிரிப்புலியூர்ப் பேருந்து நிலையம் மிக நல்ல இடம். விழுப்புரம், சிதம்பரம், விருத்தாசலம் ஆகிய மூன்று ஊர்ப் பெயர்களும் புள்ளி வைத்த 'ம்' என்ற எழுத்தில் முடிகின்றன. ஒன்றில் காட்டிவிட்டால் மற்ற இரண்டிலும் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். எனக்கு இவற்றைவிடப் பிடித்தது நெய்வேலிப் பலகை. 'நெ'யில் ஒற்றைக்கொம்பு, 'வே'யில் இரட்டைக்கொம்பு என்று குறிலும் நெடிலும் அந்த ஒரே பெயரில் அமைந்திருக்கின்றன. கொம்பு எழுத்துக்கு முன்னால் நின்றாலும் அதற்குரிய உயிரொலி மெய்யொலிக்குப் பின்னால்தான் வருகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியையும் ஒலித்துப் படிக்க முயலும் பிள்ளைகள் சிக்கிக்கொள்வது இங்கேதான். அதனால் கொம்பைத் தனியே பிரித்துக் காட்டாமல், 'வே' முழுவதையும் ஒரே உருவமாக விரலால் வளைத்துக் காட்டி, நீட்டி ஒலிக்கச் சொல்கிறேன். அதற்குள் பேருந்து கிளம்பிவிட்டால் பரவாயில்லை, அடுத்த பேருந்து வரும்.

247 எழுத்துகளையும் ஐந்து வயதுக்குள் மனப்பாடம் செய்ய வைக்க எந்தத் தேவையும் இல்லை. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமே எட்டு வயதுக்குள் பிழையின்றிப் படிக்கவும் எழுதவும் செய்வதைத்தான் இலக்காக வைத்தது.

பெற்றோர் அதிகம் கவனிக்காத ஒன்றைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வீட்டில் நாம் 'போறாங்க' என்கிறோம். புத்தகமோ 'போகிறார்கள்' என்கிறது. பள்ளிக்குப் போகும் வரை எழுத்துத்தமிழைக் காதால் கேட்டிராத பிள்ளை, எழுத்துகளைக் கூட்டிப் படித்த பிறகும் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று உணராமல் திகைக்கிறது. ஆகவே கதைப் புத்தகத்தை முழுவதும் பேச்சுத்தமிழுக்கு மாற்றிச் சொல்லாமல், அச்சில் உள்ளபடியே வாசித்துவிட்டு, புரியாத இடத்தில் மட்டும் நிறுத்தி நம் பேச்சில் விளக்குவது நல்லது. வேலை முடித்துக் களைத்து வரும் நாளில் முழுக் கதை முடியாதுதான். மளிகைக்கடையில் பொட்டலம் மடித்துத் தந்த நாளிதழ்த் துண்டில் ஒரு தலைப்பை மட்டும் சேர்ந்து வாசித்தாலும் போதும்.