தேடலுக்குத் தெரியாததை மட்டும் எழுதுங்கள்

செஸ் எஞ்சின், அதாவது செஸ் ஆடும் நிரல், எழுத உட்காருகிறவர்கள், நிலையை மதிப்பிடும் பகுதிக்கு வந்ததும் தங்களுக்குத் தெரிந்த செஸ் முழுவதையும் அதற்குள் கொட்டிவிடத் துடிப்பார்கள். குதிரை இரண்டு காய்களை ஒரே நேரத்தில் தாக்கினால் இத்தனை புள்ளி, ராணிக்கு முன்னால் ஒரு காய் நகர முடியாமல் மாட்டிக்கொண்டால் இத்தனை புள்ளி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். வேண்டாம். அதையெல்லாம் தேடலே, அதாவது அடுத்தடுத்த நகர்த்தல்களை ஆடிப் பார்க்கும் பகுதியே, இரண்டு மூன்று நகர்த்தலில் கண்டுபிடித்துவிடும். எவ்வளவு ஆழம் போனாலும் தேடலுக்கு எட்டாத சங்கதிகள் இருக்கின்றன, இருபது நகர்த்தலுக்கு அப்புறம்தான் அவற்றின் பலன் தெரியும்: துணையில்லாமல் நிற்கும் சிப்பாய், முன்னால் மறைப்பு இல்லாத ராஜா, சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் முடங்கிய பிஷப். மதிப்பீட்டுச் சார்பு, அதாவது நிலைக்கு எண் கொடுக்கும் அந்தப் பகுதி, இவற்றுக்குத்தான்.

கையால் எழுதுவதே பழைய கதை என்று சிலர் சொல்வார்கள். பலத்தைப் பற்றி மட்டும் பேசினால் அது சரிதான். பிரபல எஞ்சினான ஸ்டாக்ஃபிஷ் 2020-ல் வெளியான 12-ஆம் பதிப்பிலேயே, நிலைகளைப் பார்த்துத் தானே மதிப்பிடக் கற்றுக்கொள்ளும் என்.என்.யு.இ. என்கிற நியூரல் நெட்வொர்க்கைச் சேர்த்துக்கொண்டது, 2023-ல் கையால் எழுதிய மதிப்பீட்டை நிரலில் இருந்தே எடுத்துவிட்டார்கள். ஆனால் நான் எழுதும் எஞ்சின் எங்கள் தெருப் பிள்ளைகளோடு ஆடுவதற்கு. காரைக்குடியைச் சேர்ந்த பிரணேஷ் 2023 ஜனவரியில் கிராண்ட்மாஸ்டர் ஆனதில் இருந்து இங்கே செஸ் பேச்சு கொஞ்சம் கூடுதல். "அண்ணே, என் நிலைமை மோசம்னு ஏன் காட்டுது?" என்று ஒரு பிள்ளை கேட்டால், உன் சிப்பாய் தனியாக நிற்பதற்கு இவ்வளவு, ராஜா வெளியே கிடப்பதற்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். நெட்வொர்க் கொடுப்பது ஒற்றை எண், அதை அப்படிப் பிரித்துப் படிக்க முடியாது.

மதிப்பீட்டின் எலும்புக்கூடு இன்றும் கணித அறிஞர் கிளாட் ஷானன் 1950-ல் எழுதிய கட்டுரையில் இருப்பதுதான். ராணிக்கு 9, யானைக்கு 5, பிஷப்புக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1. இரட்டைச் சிப்பாய் (ஒரே வரிசையில் முன்பின்னாக நிற்பவை), பின்தங்கிய சிப்பாய், தனிச் சிப்பாய் ஒவ்வொன்றுக்கும் அரைப் புள்ளி குறை, போகக்கூடிய ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 0.1 கூடுதல். இப்போது சிப்பாயை 100 என்று வைத்து எழுதுகிறோம். செஸ் நிரலாளர் தோமாஷ் மிக்னியெவ்ஸ்கியின் எளிய மதிப்பீட்டில் குதிரை 320, பிஷப் 330, யானை 500, ராணி 900. இந்த எண்களுக்குள் உள்ள கணக்கைப் பாருங்கள். குதிரையும் பிஷப்பும் சேர்ந்தால் 650, ஒரு யானையும் ஒரு சிப்பாயும் 600. அதனால் புதிதாக ஆடுகிறவர்கள் ஆசைப்பட்டுச் செய்யும் அந்தப் பரிமாற்றத்தை எஞ்சின் செய்யாது. குதிரை 300-க்கு மேல் இருப்பதால் மூன்று சிப்பாய்க்காக அதைக் கொடுக்காது. எஞ்சினுக்கு வேண்டியது இந்த நிலை அந்த நிலையைவிட மேலா கீழா என்பதுதான், எண்கள் தமக்குள் சரியான வரிசையில் இருந்தால் போதும்.

அடுத்தது இட அட்டவணை, ஒவ்வொரு காய்க்கும் கட்டத்துக்கு ஒன்றாக 64 எண். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் படுத்துக் கிடக்கும் தேக்குத் தூணுக்கும், செட்டிநாட்டு வீட்டு வளவில் நின்று உத்தரத்தைத் தாங்கும் தூணுக்கும் மரம் ஒன்றுதான், மதிப்பு ஒன்றா? மூலையில் நிற்கும் குதிரைக்கு 2 கட்டம்தான் போக வழி, நடுவில் நின்றால் 8. மிக்னியெவ்ஸ்கி அட்டவணையில் மூலைக்கு −50, நடுவுக்கு +20. காலிப் பலகையில் பிஷப்புக்கு மூலையில் 7, நடுவில் 13. யானைக்கோ எங்கே நின்றாலும் 14, அதனால் அதன் அட்டவணை கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். இதைப் புரிந்துகொண்டால் அட்டவணையை எங்கிருந்தோ பிரதி எடுக்க வேண்டியதில்லை.

ராஜாவுக்கு மட்டும் இரண்டு அட்டவணை. நடு ஆட்டத்தில் ஒளிந்திருக்க வேண்டும், இறுதி ஆட்டத்தில் நடுவுக்கு வர வேண்டும். "ராணிகள் போய்விட்டால் இரண்டாவது அட்டவணை" என்று ஒரே வெட்டாக வெட்டி எழுதினால், ராணியை மாற்றிக்கொண்டதும் மதிப்பு திடீரென்று துள்ளும். அந்தத் துள்ளலுக்காகவே எஞ்சின் ராணியை மாற்றத் துடிக்கும், அல்லது மாற்றாமல் ஓடும். ஹான்ஸ் பெர்லினர் இதை 1970-களிலேயே பிடித்துவிட்டார். கடிதவழிச் செஸ்ஸில் உலகச் சாம்பியனாக இருந்தவர் அவர். பேக்கமன் என்னும் பகடை ஆட்டத்துக்கு அவர் எழுதிய நிரல் 1979-ல் அந்த ஆட்டத்தின் உலகச் சாம்பியன் லூயிஜி வில்லாவைத் தோற்கடித்தது, அந்த நிரலின் உயிரே மதிப்பீடு வழுவழுப்பாக மாற வேண்டும் என்கிற இந்த எண்ணம்தான். செஸ்ஸில் செய்வது எளிது. குதிரைக்கும் பிஷப்புக்கும் 1, யானைக்கு 2, ராணிக்கு 4 என்று பலகையில் இருப்பவற்றைக் கூட்டினால் தொடக்கத்தில் 24 வரும். காய்கள் குறையக் குறைய அந்த எண் இறங்கும், அந்த விகிதத்தில் இரண்டு அட்டவணைகளையும் கலக்க வேண்டியதுதான்.

ராஜாவின் பாதுகாப்பு இப்படி நேர்க்கோட்டில் போகாது. ஒரு காய் தனியாக வந்து ராஜாவை மிரட்டினால் பெரிதாக ஒன்றும் ஆகாது, இரண்டு வந்தால் கவலை, மூன்று வந்தால் ஆட்டமே போய்விடலாம். எனவே தாக்குகிறவர்கள் கூடக்கூட அபராதம் பல மடங்காக ஏற வேண்டும்.

எடைகளை, அதாவது இந்தப் புள்ளிகளை, மனத்தில் தோன்றியபடி வைக்காதீர்கள். 2014-ல் பீட்டர் ஆஸ்டர்லுண்ட் தன் டெக்ஸெல் எஞ்சினுக்காக வெளியிட்ட முறை வீட்டுக் கணினிக்கே போதும்: முடிவு தெரிந்த ஆட்டங்களில் இருந்து ஏராளமான நிலைகளை எடுத்து, நம் மதிப்பை வெற்றி வாய்ப்பாக மாற்றி, உண்மையான முடிவோடு உள்ள வித்தியாசம் குறையும்வரை ஒவ்வொரு எடையையும் கொஞ்சம் ஏற்றி இறக்குவது. அதற்கு முன்னால் ஒரு சோதனையைக் கட்டாயம் எழுதுங்கள். பலகையைக் கவிழ்த்து, கறுப்பையும் வெள்ளையையும் மாற்றினால் அதே எண் குறி மாறி வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஓர் அட்டவணை தலைகீழ்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது டிரா விஷயம்தான். காய்க் கணக்கு பச்சையாகப் பொய் சொல்லும் இடம் அது. இரண்டு குதிரை 640, எதிரே வெறும் ராஜா, ஆனாலும் கட்டாயப்படுத்தி மேட் பண்ண முடியாது. இதைவிட முக்கியம் ஓரச் சிப்பாய். வெள்ளையிடம் வலது ஓரத்து எச் வரிசைச் சிப்பாயும் வெள்ளைக் கட்டத்தில் ஓடும் பிஷப்பும் இருக்கின்றன, கணக்குப்படி 430 கூடுதல். அந்தச் சிப்பாய் ராணியாக வேண்டிய எச்8 மூலையில் கறுப்பு ராஜா போய் உட்கார்ந்துவிட்டால் அந்தக் கறுப்புக் கட்டத்தை பிஷப் ஒருநாளும் தொட முடியாது, டிரா. எங்கள் ஊரில் பல காலமாக ஆடிவரும் பெரியவர் ஒருவரிடம் இதைக் காட்டியபோது, "தம்பி, அது மூலைக்கு வந்தப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம், சிப்பாயை மாத்துறப்பவே தெரியணும்" என்றார். அதுதான் இங்கே முழு விஷயமும். இந்த நிலைக்குப் பூஜ்யம் என்று ஒரே ஒரு விதி எழுதினேன். அதற்கு முன்பெல்லாம் பக்கத்து ஜி வரிசைச் சிப்பாயை எதிரியின் சிப்பாயோடு சாதாரணமாக மாற்றிக்கொண்ட எஞ்சின், இப்போது மூலைக்கு வரப் பல நகர்த்தல்கள் இருக்கும்போதே அந்த மாற்றத்தைத் தவிர்த்துவிட்டு, ஒரு சிப்பாயை இழந்தாலும் பரவாயில்லை என்று ஜி வரிசையைக் காக்கிறது.